ரப்பர் பாலில் தோய்த்த பை

அருமனைக்கு மேற்கே, குரங்குகூட இறங்க யோசிக்கும் ஒரு பாறைச் சரிவில் முந்நூற்று இருபது ரப்பர் மரங்களை நட்டு வளர்த்தவன் நான். அந்தப் பாறைக்குள்ளேயே கிணறு வெட்டினேன். வெள்ளம் ஊறாது என்று சொன்ன மூன்று பேரும் பிறகு என் கிணற்றில் வந்துதான் தண்ணீர் கோரினார்கள். பாலை உறையவைத்து ஷீட்டாக அடிக்கிற மெஷின்புரை கட்டினேன். அந்த ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகைபோட்டு உணக்குகிற புகைப்புரையை, கொத்தனார் யாரும் தொடாமல் என் கையாலேயே எழுப்பினேன். இன்றுவரை அதில் ஒரு செங்கல் இளகவில்லை. மெயின் ரோட்டிலிருந்து வீடுவரை ஜீப் ஏறுகிற பாதை போட்டேன். இப்போது ஊரே அதில்தான் போகிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் முதல் பாதி.

இவ்வளவும் செய்த ஒருவனிடம்தான் என் மகள், "அப்பா, இதுல மட்டும் நீங்க தலையிடப்பிடாது" என்றாள். முதுகில் தூக்குகிற ஒரு பை விஷயத்தில்.

மகளுக்கு நாகர்கோவிலில் பாங்கு வேலை. நாற்பது வயது நெருங்குகிறது. மாப்பிள்ளை வளைகுடாவில். வடக்கே பனிமலையில், துணிமணியை முதுகில் சுமந்துகொண்டு ஆறு நாள் நடந்து ஒரு கணவாயைக் கடக்க வேண்டும் என்பது அவளுக்கு ஒரு ஆசை. யாரிடமிருந்து வந்த ஆசை என்று எனக்குத் தெரியாது, என் பிடிவாதம் அதில் இருக்கிறது. முதல் தடவை போனபோது மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பைக்குள் இருந்த அத்தனை துணியும் பிழிகிற மாதிரி நனைந்துவிட்டது. கூட்டிப்போகிற வழிகாட்டி கண்டிப்பான ஆள். உலர்ந்த கம்பளித் துணி ஒரு செட் கையில் இல்லாதவரை மேலே ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் கணவாயைக் கடந்து போனார்கள். இவள் கூடாரத்தில் சமையல்காரரோடு இரண்டு நாள் வெங்காயம் உரித்துவிட்டு, வந்த வழியே திரும்பினாள். வீட்டுக்கு வந்து காட்டிய படமெல்லாம் அடுத்தவர்கள் எடுத்தது.

இந்த வருடம் விட்டால் பிறகு இல்லை. அடுத்த வருடம் அவளுடைய மூத்தவள் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் தாய்மார் கல்யாண வீட்டுக்கே போவதில்லை, பனிமலைக்கு எங்கே போவது? அது முடிந்தால் பன்னிரண்டு. அதற்குள் இளையவனுக்குப் பத்து. எல்லாம் முடியும்போது அவளுக்கு முட்டுவலி வந்திருக்கும்.

புறப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்து சாமான்களைக் கட்டிலில் பரத்தினாள். உடம்போடு ஒட்டி, வேர்வையை உறிஞ்சி உடனே உலர்கிற சட்டை. அதற்குமேல் சூடு பிடித்துவைக்கிற கம்பளி மாதிரியான சட்டை. அதற்கும்மேல் காற்றையும் மழையையும் தடுக்கிற ஜாக்கெட். வெயிலடித்தால் ஒன்றொன்றாகக் கழற்றுவது, குளிரக் குளிர ஒன்றொன்றாகப் போடுவது. ஒரே நாளில் வெயில், மழை, பனி மூன்றும் வருமாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் என் பங்குக்கு எட்டு புது பனியன் கொண்டுவந்து வைத்தேன்.

"அப்பா, பருத்தி வேண்டாம். நனைஞ்சா பின்னே உணங்காது."

"நான் அம்பது வருசமா பருத்திதானே போடுதேன். எனக்கு உணங்கல்லியா?"

"நீங்க வெயில்ல நிக்குதிய."

பனியன் எட்டும் திரும்பி என் பெட்டிக்கே வந்தன. பிறகு பைக்குமேல் மாட்டுகிற மழையுறையைக் காட்டினாள். குடை மாதிரி மேலேயும் பக்கத்திலும் மூடுகிறது. முதுகோடு ஒட்டுகிற பக்கம் திறந்து கிடக்கிறது.

எனக்கு அப்போதே விஷயம் பிடிபட்டுவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்குத் தெரியும், சிரட்டையில் விழுகிற பாலைக் கெடுப்பது நேரே வானத்திலிருந்து விழுகிற மழை இல்லை. மரத்தின் தடியோடு ஒட்டி வழிந்து வருகிற வெள்ளம். அதற்காகத்தான் வெட்டுக்கு மேலே, தடியைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் பசைபோட்டு பிளாஸ்டிக் பாவாடை கட்டுகிறோம். மனுஷருடைய முதுகும் ஒரு தடிதான்.

"மக்கா, இந்தப் பையத் தூக்கிட்டு முத்தத்துல வந்து நில்லு."

"எதுக்கு?"

"வந்து நில்லு."

நின்றாள். மழையுறையை மாட்டி, ஜாக்கெட்டும் போட்டு முற்றத்தில் நின்றாள். நான் தோட்டத்து ஹோஸைத் திறந்து அவள் தலைக்குமேல் பிடித்தேன். பதினைந்து நிமிஷம் பிடித்தேன். என் மனைவி அடுக்களை வாசலில் வந்து பார்த்துவிட்டு, "பேரன் பேத்தி எடுத்த காலத்துலயா பிள்ளையக் குளிப்பாட்டுதிய?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பையைத் திறந்தோம். முதுகுப் பக்கத்துத் துணியெல்லாம் சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. மகள் ஒரு சட்டையை எடுத்துப் பிழிந்தாள்.

"போன தடவையும் இப்பிடித்தான் வெள்ளம் உள்ள கேறியிருக்கு" என்றாள். குரல் இறங்கிவிட்டது. பிறகு, "கட்டியான பிளாஸ்டிக் கவர் ரெண்டு வாங்கி உள்ள போட்டா போரும்னு கூட உள்ளவங்க சொல்லுதாவ" என்றாள்.

பிளாஸ்டிக் கவரை நான் விடுவேனா? நகம் பட்டாலே கிழிகிற சாமான். பைக்குள் வைக்க ஒரு உள்பை நானே செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவள் சொன்னதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

புது வேட்டி ஒன்றை இரட்டையாக மடித்து, உரச்சாக்கு உயரத்துக்கு மனைவியைத் தைக்கச் சொன்னேன். அன்று வெட்டிய பாலை மூன்று தடவை அரித்து, அதில் பையைத் தோய்த்து நிழலில் தொங்கவிட்டேன். உணங்கியதும் மறுபடி. அப்படி நாலு தோய்ச்சல். கிணற்றுக்கரையில் பை நிறைய வெள்ளம் நிரப்பித் தூக்கிக் கட்டினேன். மறுநாள் காலைவரை ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒரேயொரு குறை, தொட்ட இடத்திலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. அதற்கு என் மனைவியின் முகப்பவுடரை டின்னோடு கொட்டித் தேய்த்தேன். பை மணமகள் மாதிரி வெளுத்தது.

"மரத்துக்குப் பாவாட கெட்டுன கை, இப்பம் மவளுக்கும் கெட்டுது" என்றாள் மனைவி. "நாளைக்கு நான் ஞாயித்துக்கிழம கோயிலுக்கு என்னத்தப் பூசிட்டுப் போவ?"

"நீ இப்பிடியே போ. நல்லாத்தான் உண்டு."

இதை நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. ஆனால் அவள் நம்பவில்லை.

மழை ஆயிற்று. இனி குளிர். நம் ஊரில் குளிரை எங்கே போய்ப் பார்ப்பது? குளச்சல் பக்கம் என் சின்ன வயதுக் கூட்டுக்காரன் ஒருவனுக்கு ஐஸ் பிளாண்ட் உண்டு, கடற்கரையிலிருந்து வருகிற மீனுக்கு ஐஸ் அடிக்கிறவன். மகள் பாங்குக்குப் போயிருந்த ஒரு நாள், எங்கள் வீட்டில் கிடந்த அவளுடைய கம்பளிச் சாமான்களையும் ஜாக்கெட்டையும் ஒரு சாக்கில் எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

"ஓய், சட்ட பொருந்துதா பாக்கணும்னா துணிக்கடையில போய்ப் போட்டுப் பாரும்" என்றான் அவன். "ஐஸ் ரூமுக்குள்ள எதுக்கு?"

"கதவ வெளிய இருந்து அடை. நான் தட்டும்ப தொறந்தா போரும்."

"தட்டல்லன்னா?"

"தட்டுவேன்."

மகளின் ஜாக்கெட் எனக்கு வயிற்றுக்குமேல் பூட்டாது. அதை நெஞ்சில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஐஸ் கட்டிமேல் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் சூரை மீன் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. அரை மணி நேரம் இருந்தேன். மேலுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஜாக்கெட் நல்ல சாமான். ஆனால் இடுப்புக்குக் கீழே காலே என்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிட்டது. மகள் கட்டிலில் பரத்திய சாமான்களில் காலுக்கு ஒரே ஒரு கம்பளிதான் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டினேன். கூட்டுக்காரன் கதவைத் திறந்து, என்னைச் சுமைபோல் இறக்கி வெயிலில் வைத்தான்.

நேரே நாகர்கோவிலுக்கு, வடசேரிக் கடைத்தெருவுக்குப் போனேன். காலுக்குப் போடுகிற கம்பளி வேண்டும் என்று ஒரு துணிக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, இஞ்ச குளிருண்ணு சொன்னா ஆளுவ ஃபேனக் கொறச்சு வைப்பாவ. கம்பளிய யாரு வாங்குவா?" என்றார் அவர். ஆனாலும் ஏணி வைத்து மேல்தட்டைத் துழாவினார். ஊட்டிக்கு மாற்றலாகிப் போன யாரோ ஒரு வாத்தியாருக்காக வரவழைத்து, அவர் வாங்காமல் போன இரண்டு கம்பளிக் கால்சட்டைகள் கிடந்தன. இரண்டையும் எடுத்தேன். இரண்டு எதற்கு என்று மகள் கேட்பாள். ஒன்று நனைந்தால் ஒன்று வேண்டாமா?

வீட்டுக்கு வந்து சாக்கை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. மொத்தமும் சூரை மீன் மணம். சோப்புப் போட்டு அலசலாம் என்றால், அந்த ஜாக்கெட்டைச் சும்மா அலசக்கூடாது என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இரண்டு நாளில் பயணம். நான் யோசித்தேன். எந்த மணத்தையும் அடக்குகிற இடம் என் கையில் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் புகைப்புரையில் ஷீட்டுகளுக்கு நடுவில் தொங்கவிட்டு, லேசாகப் புகைபோட்டேன். ஒரு பகல், அவ்வளவுதான். மீன் மணம் அடியோடு போய்விட்டது.

மகள் ஜாக்கெட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"அப்பா, இது ஷீட் நாறுது."

"நாத்தம் இல்ல மக்கா. ஒண்ணாம் தரம் ஷீட்டுக்க மணம்."

"என்னத்துக்கு இதப் போய் அங்க..."

மீன் விஷயத்தை நான் சொல்லவில்லை. அடுக்களையிலிருந்து மனைவி சொல்லிவிட்டாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து, "இது எனக்குக் கடைசி வாய்ப்பு, தெரியுமா" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நான் போய் ஹோஸை எடுத்துவந்தேன். அவளுடைய துணி முழுவதையும் என் உள்பைக்குள் போட்டு, வாயை மூன்று சுற்று உருட்டிக் கட்டி, முற்றத்தில் வைத்து அரை மணி நேரம் தண்ணீர் அடித்தேன். பிறகு திறந்து காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை உலர்ந்தே இருந்தது. எழுந்து உள்பையைப் பெரிய பைக்குள் வைத்தாள்.

ஷீட் தூக்குகிற தராசில் பையைத் தூக்கினோம். பத்துக் கிலோவரைதான் தூக்க விடுவார்களாம், பதிமூன்று இருந்தது. மனைவி வைத்த மரச்சீனிக் கிழங்கு வற்றல் போயிற்று, நான் வைத்த கயிறும் அரிவாளும் போயின. கம்பளிக் கால்சட்டை இரண்டும் போகாமல் நான் பக்கத்திலேயே நின்றேன்.

மற்றது மகள் ஒன்பது நாள் கழித்து, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து சொன்னது. மூன்றாம் நாள் மழை இந்தத் தடவையும் பிசகவில்லை. காலையில் தொடங்கி கூடாரத்துக்குப் போய்ச் சேரும்வரை பெய்தது. பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு மூலையில் கிழிந்து வெள்ளம் கேறியிருந்தது. வழிகாட்டி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மகள் என் உள்பையை வெளியே எடுத்தாள். அதன்மேல் பட்ட வெள்ளம் ஒரு சொட்டும் ஒட்டாமல் வழிந்து போயிருந்தது. ஆனால் திறக்க வரவில்லை. உருட்டிக் கட்டிய வாய் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து, குளிரில் விறைத்து, பலகை மாதிரி நின்றது. நம் ஊர்ச் சூட்டில் பிசுபிசுக்கிற பால் அந்த ஊர்க் குளிரில் இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஐஸ் பிளாண்டுக்கு ஜாக்கெட்டைக் கொண்டுபோன நான் பையையும் கொண்டுபோயிருக்க வேண்டும். அந்த ஒரு யோசனை எனக்கு வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

நான்கு பேர் இழுத்தார்களாம். ஒருவர் மிதித்தாராம். உள்ளே துணி உலர்ந்திருக்கிறது என்று மகள் சொன்னால், காட்டு என்கிறார் வழிகாட்டி. காட்ட வழியில்லை. கடைசியில், போன தடவை இவளோடு வெங்காயம் உரித்த அதே சமையல்காரர் கத்தியைக் கொண்டுவந்து, மீனின் வயிற்றைக் கீறுகிற மாதிரி பக்கவாட்டில் நெடுக ஒரு கீறு கீறினார். உள்ளே இருந்து புகை மணம் குப்பென்று வந்ததாம். வழிகாட்டி ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாராம். உலர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று தடவை தும்மினாராம்.

மறுநாள் அவள் கணவாயைக் கடந்தாள். கால்சட்டை நனைந்துபோன இன்னொரு பெண்ணும் கடந்தாள், என்னுடைய இரண்டாவது கம்பளியைப் போட்டுக்கொண்டு. ஃபோனில் மகளுக்கு மூச்சு வாங்கியது. "அப்பா, கேறிட்டேன்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். நானும் பதிலுக்கு இரண்டு தடவை இருமினேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். திரும்பி வந்ததும் எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். திரை கட்டி, படம் போட்டு, எப்படித் தயாரானேன் என்று சொன்னாள். உள்சட்டை, நடுச்சட்டை, ஜாக்கெட் எல்லாம் வரிசையாக வந்தது. அனுமதித்த கணவருக்கு நன்றி. ஜெபித்த அம்மாவுக்கு நன்றி. கத்தி கொண்டுவந்த சமையல்காரருக்குத் தனியாகப் படமே போட்டு நன்றி. துணி எப்படி உலர்ந்திருந்தது என்று வந்தபோது, "நனையாத ஒரு உள்பை வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அது ஏதோ கடையில் தொங்குகிற பை என்றுதான் அங்கே இருந்த எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "வெட்டுனவனுக்கு நன்றி உண்டு. செஞ்சவனுக்கு இல்லியா?"

"அதுக்க வாய் தொறந்திருந்தா அவருக்கு எதுக்குப்பா நன்றி சொல்ல?" என்றாள் மகள். அவள் அம்மா சிரித்த சிரிப்பு மெஷின்புரைவரை கேட்டிருக்கும்.

சிரிக்கட்டும். அடுத்த மாதம் அவளுடைய பாங்கில் உள்ளவர்களுக்கு இதே படங்களைக் காட்டப் போகிறாளாம். அதனால் இதை எழுத்தில் வைக்கிறேன். அந்தக் கீறின பையின் படம் வரும்போது மகள் அங்கே நிற்க வேண்டும். அதைத் தன் அப்பா தன் மரத்துப் பாலில் தோய்த்துச் செய்தார் என்றும், அதற்குள் இருந்த துணி உலர்ந்திருந்ததால்தான் மேலே ஏறினேன் என்றும் எல்லாருக்கும் கேட்கிற சத்தத்தில் சொல்ல வேண்டும். கால்சட்டை வாங்கியதும் நான்தான், அதையும் சேர்த்துக்கொள்ளட்டும். வாய் ஒட்டிக்கொண்டதைச் சொல்லியே தீருவேன் என்றால் சொல்லலாம், ஆனால் அதற்குப் பிறகு, முதலில் இல்லை.