இன்ஸ்பெக்‌ஷன் என்றொரு அறை

ஒரு குழந்தை ‘இன்ஸ்பெக்‌ஷன்’ என்ற சொல்லை எதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்?

எர்ணாவூரில், வாகனங்களுக்கான வயர்க் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில், மூன்று வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தை என்னிடம் கேட்டது: “இன்ஸ்பெக்சன் எப்போ வரும்?” ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்மீது எனக்குள்ள கோபம் இன்னும் தணியவில்லை.

சமூகப்பணியில் பட்டம் பெற்று, அந்தத் தொழிற்சாலையின் பணியாளர் நலப் பிரிவில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. பெண்கள் பலர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களிடமும் இருந்தது. கேன்டீனுக்குப் பின்னால் மஞ்சள் பெயின்ட் அடித்த அறை, சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி, இரண்டு தொட்டில்கள், முன்னும் பின்னும் ஆடும் ஒரு சிவப்புக் குதிரை, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத மெத்தைகள். கதவில் பூட்டு. சாவி மேலாளரின் மேசை இழுப்பறையில்.

ஆய்வுக்கு அதிகாரி வரும் நாள் எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். “நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன், புள்ளை இருக்கிறவங்க கூட்டிட்டு வாங்க” என்று சூப்பர்வைசர் அறிவிப்பார். மறுநாள் பிள்ளைகள் பவுடர் பூசி, ரிப்பன் கட்டி வருவார்கள். கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மா அன்று ஒருநாள் ஆயா ஆவார். குதிரை ஆடும், பால் கிடைக்கும். அதிகாரியின் ஜீப் கிளம்பியதும் பூட்டு மறுபடி விழும். அந்தக் குழந்தை அறிந்த வரையில், குதிரை இருக்கும் இடத்தின் பெயர் இன்ஸ்பெக்‌ஷன்.

மற்ற நாட்களிலும் அறைக்குப் பிள்ளைகள் வந்ததாக வருகைப் பதிவேட்டை எழுதியவள் நான். மாலைதோறும், அழகான கையெழுத்தில்.

குழந்தையின் தாய் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் நாலாவது மாடியில் இருந்தாள். கணவனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை; வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. குடியிருப்பின் பால்வாடி பிற்பகலிலேயே மூடிவிடும். ஷிப்ட் முடிவதோ ஆறு மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் கீழ் வீட்டுப் பெண். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தத் தாய் என் மேசைக்கு வந்தாள்.

“கீழ் வூட்டு அக்கா, அதும் பொண்ணு பிரசவத்துக்கு ஊருக்குப் போவுது மேடம். திங்கக்கெயமைலேர்ந்து புள்ளைய வுட ஆளில்ல. மூணு நாள் வரலன்னா கான்ட்ராக்டர் பேரை அட்ச்சிடுவான். அந்த ரூம்பு சும்மாதான கீது? எம் பொண்ணு அதுல குந்திகினு இருந்தா யாருக்கு இன்னா கொறஞ்சி பூடும்?”

பின்னால் நின்ற தோழி, “அந்தக் குதிரைக்குக் கால் வலிக்கும்டி” என்றாள்.

நான் மேலாளரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. பொறுமையாக விளக்கினார்.

“ஏம்மா, தினமும் திறந்தா அழுக்காகாதா? சுவத்துல கிறுக்கும், மெத்தையில ஒண்ணுக்குப் போகும். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு யார் பெயின்ட் அடிக்கிறது?”

குழந்தைகள் வந்தால் குழந்தைகள் காப்பகம் கெட்டுவிடும். படித்த ஒருவர், காபி குடித்துக்கொண்டே, இதை என்னிடம் சொன்னார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஆய்வு. குழந்தை ஓடிப் போய்க் குதிரையில் ஏறிக்கொண்டு, “இன்ஸ்பெக்சன்! இன்ஸ்பெக்சன்!” என்று கூவியது. அதிகாரி மகிழ்ந்து போனார். “பாப்பாவுக்கு நம்ம வேலையே தெரியுது பாருங்க!” என்று அதன் கன்னத்தைத் தட்டினார். பிறகு பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். என் கையெழுத்தின்மேல் அவர் கையெழுத்து விழுந்தது.

அப்போது நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சொன்னால் நிர்வாகம் இந்தத் தொழிற்சாலையையே வேறு ஊருக்கு மாற்றக்கூடும். இத்தனை பெண்களும் தெருவில் நிற்க நேரும் என்று கணக்குப் போட்டேன். விளைவுகளை எடைபோடுவது நல்ல பழக்கம் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். அன்று என் எடைத்தட்டில் எல்லாம் இருந்தன. திங்கட்கிழமை மட்டும் இல்லை.

திங்கள், செவ்வாய், புதன். அவள் வரவில்லை. வியாழக்கிழமை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவளை வாசலிலேயே நிறுத்தினார்கள், பெயர் அடிக்கப்பட்டிருந்தது. தாய் காவலாளியோடு வாதாடிக்கொண்டிருக்கையில்தான் குழந்தை என்னைப் பார்த்து மீண்டும் அதே கேள்வியைக் கேட்டது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில், ஒரு மனு எழுதலாம் என்று பெண்களிடம் சொன்னேன்.

“மனு எய்தி இன்னா கியிக்கப் போற மேடம்? ஒனக்கு டிகிரி கீது, வேற எடம் போய்டுவ. எங்கள சும்மா வுட்ருவானா?” என்றாள் மூத்தவள் ஒருத்தி.

அவள் சொன்னது உண்மை. எனவே முதல் தாளில் அவர்கள் பெயர் எதுவும் வேண்டாம், என் பெயர் போதும் என்றேன். பதிவேடு பொய், எழுதியவள் நானே என்று அதில் எழுதினேன். மற்றதை அவர்கள் ஒருவரையொருவர் வெட்டிப் பேசிச் சொல்லச் சொல்ல எழுதினேன். அதிகாரி சொல்லாமல் வரட்டும். வந்தா மேனேஜர்கிட்ட கேக்காம எங்ககிட்ட கேக்கட்டும். கான்ட்ராக்ட்டு ஆளுங்க புள்ளையும் புள்ளைதான். பால்வாடி எங்க ஷிப்ட் முடியற வரைக்கும் தொறந்து இருக்கட்டும்.

“சாவிய எய்தினியா?” என்றாள் அந்த மூத்தவள். “அத மொதல்ல எய்து. சாவி எங்கள்ல ஒருத்திகிட்ட இருக்கணும்.”

எழுதினேன். படித்துக் காட்டியபோது, அதுவரை விலகி நின்ற அவளே பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டாள். “பேரில்லாத காயிதத்த எவன் படிப்பான்? வாங்கடி” என்றாள். பஸ் இரண்டைத் தவறவிட்டார்கள்.

மனுவோடு பல அலுவலகப் படிகள் ஏறினோம். “இது எங்க பிரிவு இல்லம்மா” என்பதைப் பல குரல்களில் கேட்டோம். பால்வாடி குழந்தைகளுக்கான திட்டம், தாய்மார்களின் ஷிப்டுக்கானது அல்ல என்று ஒருவர் விளக்கினார். தாய் வேலைக்குப் போகாவிட்டால் அந்தக் குழந்தை எதைச் சாப்பிடும் என்று கேட்டதற்கு, குரலை உயர்த்தாதே என்றார். உயர்த்தினேன். ஆறாம் மாதம், முன்னறிவிப்பின்றி ஒரு பெண் அதிகாரி வந்து பூட்டிய கதவைப் பார்த்தார்.

இப்போது அந்த அறை தினமும் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. சம்பளத்துக்கு ஓர் ஆயா இருக்கிறார். சாவி அந்த மூத்தவளிடம் இருக்கிறது. பால்வாடியின் நேரம் மாறவில்லை. என் வேலை போயிற்று. அந்தத் தாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவள் இடத்தில் வேறொரு பெண் வந்துவிட்டாள். வேலை போன அந்தத் தாயின் மகள் அந்தக் குதிரையில் அதற்குப் பிறகு ஏறவேயில்லை.