ஜெபம் பண்ணிய வாடகைக் கார்

தக்கலைச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்புவதற்காகக் காரின் ஸ்டியரிங் ஓரத்துக் கம்பியைத் தட்டினேன், வைப்பர் ஆடத் தொடங்கியது. ஜனவரி மாத வெயில். கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. உலர்ந்த கண்ணாடியில் ரப்பர் இழுபடும் சத்தம் கேட்டுப் போக்குவரத்துக் காவலர் முதலில் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கும் பாவனையில் கையைத் தூக்கினேன். அவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்தார். நான் வாழும் நார்வேயில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், திரும்பும் விளக்குக்கான கம்பி இடக்கைக்கு எட்டும். இங்கே அது வலக்கைப் பக்கம், இடக்கைப் பக்கம் இருப்பது வைப்பர். இத்தனை வருடம் பழகிய இடக்கையிடம் மூன்று மாதத்துக்கு மட்டும் மறந்திரு என்றால் அது கேட்குமா? வெளிநாட்டிலிருந்து வந்து ஊரில் கார் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். ஓட்டாதவர்கள், மழையில்லாத நாளில் வைப்பர் போட்டுப் போகிற யாரையாவது பார்த்தால் சிரிக்காமல் வழிவிடுங்கள்.

நான் இருக்கும் பெர்கன் நகரில் குளிர்காலம் என்றால் பிற்பகலிலேயே இருட்டிவிடும், வெளிச்சம் இருக்கிற நேரத்தில் மழை பெய்யும். ஓய்வு பெற்ற கையோடு, அந்த மூன்று மாதத்தை இனி ஊரில் கழிப்பது என்று தீர்மானித்தேன். மனைவிக்கு அங்கே இன்னும் வேலை இருப்பதால் தனியாகத்தான் வந்தேன். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் குடும்ப வீடு. அண்ணனும் மைனியும், அதாவது அண்ணன் மனைவியும், அதில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி குடும்ப வீடு கடைசிப் பையனுக்கு. அப்பா பாகம் பிரித்தபோது ரப்பர் மரம் நின்ற தோட்டத்தை, எங்கள் பேச்சில் விளையை, அண்ணனுக்கும் வீட்டை எனக்கும் எழுதிவைத்தார். வீடு கிடைத்த கடைசிப் பையன் நார்வேக்குப் போய்விட்டான். விளை கிடைத்த மூத்தவர் அந்த வீட்டில் தங்கி, ஓடு மாற்றி, கிணறு தூர்வாரி, அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டார். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எப்போது வந்தாலும் மூன்று வாரத்தில் கிளம்பிவிடுவேன், அதனால் பேச வேண்டிய அவசியம் வரவில்லை.

இந்த முறை வந்த முதல் வாரத்திலேயே கார் இல்லாமல் முடியாது என்று தெரிந்துவிட்டது. வடசேரிச் சந்தைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றால், போகிற வருகிற பைக்கெல்லாம் நிற்கும். வெளிநாட்டுக்காரன் பஸ்ஸுக்கு நிற்பது ஊருக்கே அவமானமாம். ஏறி உட்கார்ந்தால் விசாரணை. எங்கே போகிறேன், எதற்கு, எப்போது திரும்புவேன், நார்வேயில் மீன் கிடைக்குமா. நான் வடசேரியில் என்ன வாங்கினேன் என்பது நான் வீடு சேருமுன் வீட்டுக்கு வந்திருக்கும். அண்ணனோ விடிகாலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு வந்து, குளிக்கக்கூட நேரமில்லாமல், என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அலைந்தார். வேண்டாம் என்றால் முகம் வாடும். பெர்கனில் பீல்டேலிங் என்று ஒன்று உண்டு. கைபேசியில் தட்டினால் தெருவோரம் நிற்கும் காரின் கதவு திறக்கும், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடலாம். எங்கே போனாய் என்று ஒரு மனிதர் கேட்கமாட்டார். அந்தக் கேளாமையைத்தான் நான் கார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாகர்கோவிலில் வாடகைக் கார் விசாரித்தபோது டிரைவரோடு சேர்த்துத்தான் தருவோம் என்றார்கள். டிரைவர் வைத்துக்கொள்வதும் அண்ணனைக் கூட்டிப்போவதும் ஒன்றுதான், டிரைவர் கூடுதலாகப் பேசுவார். கடைசியில் ஒரு பழைய நண்பர், புதுக்கடையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் அனுப்பினார். வாத்தியாரின் மகன் கல்ஃபில் இருக்கிறான். விடுமுறைக்கு வரும்போது ஓட்ட அவன் வாங்கிய கார் வருடம் முழுக்க உறைக்குள் தூங்குகிறது. ஓட்டாமல் கிடந்து பேட்டரி சாகிறது என்ற கவலையில், தெரிந்தவர்களுக்கு மட்டும் மாத வாடகைக்குக் கொடுக்கிறார். நான் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. அப்பா பெயர், எந்தச் சபை, அம்மா வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். அம்மாவின் சித்தப்பாவைத் தெரியும் என்று ஆனதும் சாவி கைக்கு வந்தது. ஒரே ஒரு நிபந்தனை.

"வாடகைன்னு மட்டும் யாருட்டயும் சொல்லாண்டாம். மகன் கல்ஃபுல இருக்கும்போ வாத்தியாரு காரை வாடகைக்கு விடுகாருன்னு ஊரு பேசும்."

சரி என்றேன். அந்தச் சரியில் ஒரு விபரீதமும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைக் கார் முற்றத்துக்குள் நுழைந்ததும் மைனி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார், சுற்றிப் பார்த்தார், கைபேசியை எடுத்தார். நான் வாங்கினேன் என்று சொல்லவில்லை. வாங்கினாயா என்று யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் ஊரில் காரில் வருகிறவன் காரை வாங்கியவன், அதில் கேட்க ஒன்றுமில்லை. புது வண்டி வந்தால் ஜெபம் பண்ண வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் வருவார் என்று மைனி அறிவித்தார். நார்வேயில் காருக்கு இயூ-கண்ட்ரோல் என்று ஒரு சோதனை உண்டு. பிரேக், டயர், விளக்கு எல்லாம் பார்ப்பார்கள், உரிமையாளரின் ஆத்துமாவைப் பார்க்கமாட்டார்கள்.

ஞாயிறன்று சபையில் பாதி எங்கள் முற்றத்தில் நின்றது. போதகர் பானெட்டில் ஒரு கை வைத்தார், அண்ணனும் பக்கத்தில் ஒரு கை வைத்தார். டயருக்கும் இஞ்சினுக்கும் சாலையில் எதிர்ப்படும் லாரிகளுக்குமாக ஜெபம் நீண்டது. அதுவரை எனக்கு வருத்தமில்லை, வாத்தியாரின் டயருக்கும் கிருபை தேவைதான். பிறகு போதகர் குரலை உயர்த்தினார். "அந்நிய தேசத்திலே பிழைத்த உம்முடைய மகனை, அவன் பிதாவின் வீட்டிலே மறுபடியும் குடியிருக்கப்பண்ணினீரே, ஸ்தோத்திரம்." எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன், அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்வது? கண்ணைத் திறந்தபோது அண்ணனின் கை பானெட்டில் இல்லை.

அதற்குப் பிறகு கார் என் கையில் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு, கண் ஆஸ்பத்திரிக்கு, திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு என்று ஊரின் மூட்டுவலியெல்லாம் என் பின்சீட்டில் ஏறியது. எங்கே போகிறாய் என்று இப்போது யாரும் கேட்கவில்லை, எங்கே போக வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் என்னை உறுத்தியது அண்ணன்தான். தேங்காய் பறிக்க ஆள் வந்தபோது, பறிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். முன்னறை நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் நான் மார்த்தாண்டத்துக்கு யாரையோ கொண்டுவிட்டுத் திரும்பியபோது முற்றத்து ஷெட் காலியாக இருந்தது. அவர் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் அங்கே இல்லை. ஷீட் உலர்த்தும் கொடிகள் இல்லை. தரை கழுவியிருந்தது. காரை உள்ளே விட்டுக்கொள் என்று மைனி தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டில் ரப்பர்ப் பால் நாற்றம் இல்லாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

அண்ணனை விளையில் கண்டேன். நாலு முளை அடித்துக் கயிறு கட்டி அளந்துகொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டேன். அவர் கயிற்றை விடாமல் சொன்னார்.

"உனக்க வீடுதானே மக்கா. நாங்க எப்ப மாறணும்னு ஒரு வாக்கு சொன்னா போதும். அடுத்த மழைக்கு முன்ன இங்க ரெண்டு முறி கட்டிருவேன்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர், தான் ஓடு மாற்றிய வீட்டிலிருந்து இறங்க இரண்டு அறைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார், எல்லாம் ஒரு பேட்டரி சாகக்கூடாது என்பதற்காக. வாத்தியார் மன்னிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"அண்ணா, அது வாடகைக் காரு. மார்ச் கடைசில திருப்பிக் குடுக்கணும்."

"வாடகையா?"

"வாடகைதான்."

"அப்ப நீ போகத்தான் செய்வியா?"

"போவேன். வீடு எனக்கு வேண்டாம், நீங்களே இருங்க. எழுதியும் தாறேன்."

அண்ணன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு முளைமேல் உட்காரப் பார்த்தார், முடியாமல் எழுந்து சிரித்தார். நான் வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். வீட்டுக்குப் போனதும் மைனியிடம் சொன்னார், மைனி அன்று மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்குழம்பும் வைத்தார். மாலைக்குள் ரோலர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, கார் வெயிலுக்குப் போனது. ஏறெடுத்த ஜெபத்தைத் திரும்ப வாங்க எங்கள் சபையில் வழி கிடையாது என்பதால் போதகரிடம் யாரும் பேச்செடுக்கவில்லை. நானும் வயிறாரச் சாப்பிட்டேன். ஆனால் மனசு வலித்தது, அதை மறைப்பானேன். எனக்கு அங்கே தங்கும் எண்ணம் இல்லை. தங்கு என்று யாராவது சொல்லியிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்ல ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் கடைசியில் அண்ணனும் நானும் புதுக்கடைக்குப் போய்க் காரை விட்டோம். வழி நெடுக எனக்கு ஒரு தடவைகூட வைப்பர் ஆடவில்லை, வலக்கை நன்றாகப் பழகியிருந்தது. வாத்தியார் வண்டியைச் சுற்றி வந்து உறையைப் போட்டார். பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணன் என் தோளில் கைபோட்டார்.

"அடுத்த வருசமும் வா மக்கா. இந்த வண்டியவே எடு. வெலைக்கு மட்டும் வாங்கீராத."

பெர்கனுக்கு வந்த மறுநாள் கடைக்குப் போகக் கார் எடுத்தேன். முதல் திருப்பத்தில் வலக்கை தானாகப் போய்க் கம்பியைத் தட்டியது, வைப்பர் ஆடியது. அங்கே எப்போதும்போல மழை. யாரும் வானத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.