கோபத்துக்குக் குரல் கொடுத்தவள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு வெண்கலம் என்று பெயர். மின்தடைப் புகார்களைத் தொலைபேசியில் வாங்குவது எங்கள் வேலை. அவள் மாவு மில்லுக்குள்ளேயே வளர்ந்தவள். அந்த இரைச்சலில் அப்பாவிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். குணம் தங்கம். ஆனால் அவள் "வணக்கம்" சொன்னால் அடுத்த வரிசைக்காரர்கள் திடுக்கிடுவார்கள். கணவர் இடுப்பொடிந்து படுத்த பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மேலிடம் ஒரு மென்பொருள் வாங்கியது. நாங்கள் பேசுவதைக் கேட்டு, கோபமா, சோகமா, மகிழ்ச்சியா என்று கண்டுபிடிக்குமாம். கோபம் என்றால் திரை சிவக்கும். அதற்குச் சொல்லிக்கொடுக்க மாதிரிக் குரல்கள் வேண்டும். ஒவ்வொருவரும் எல்லா உணர்ச்சியிலும் வாசித்துப் பதிவு செய்யுங்கள் என்று பொறியாளர் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு எதையும் ஒழுங்காகச் செய்தால் உடம்புக்கு ஆகாது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று கோபம் முழுவதையும் வெண்கலத்தின் தலையில் கட்டினார். மகிழ்ச்சி, தேனொழுகப் பேசும் மூலை மேசைக்காரிக்கு. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சோகம் பண்ணுங்க. நீங்க தனியா நடிக்க வேண்டாம்."

அந்த ஆளை எனக்கு அதற்கு முன்பும் பிடிக்காது.

மென்பொருள் ஓடத் தொடங்கியது. "ஐயா, உங்க தெருப் பேரு சொல்லுங்க" என்று வெண்கலம் கேட்டாள். சிவப்பு. "இப்ப ஆள் வந்துடுவாங்க, கவலப்படாதீங்கம்மா" என்றாள். அதற்கும் சிவப்பு. மூலை மேசைக்காரியோ ஒரு கிழவரிடம், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு வெளிச்சம்" என்று குழைந்து குழைந்து கேட்டாள். திரை மகிழ்ச்சி என்றது. நான் வயிறு வலிக்கச் சிரித்தாலும் சோகம்தான். சோகத்துக்கு யாரும் வேலையை விட்டுத் தூக்குவதில்லை. கோபத்துக்குத் தூக்குவார்கள்.

பொறியாளரை நானே தேடிப் போய்ப் பிடித்தேன். பதிவுகளைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மொத்தக் கோபத்தையும் ஒரே ஆள் குரல்ல கொடுத்திருக்கீங்க. அது கோபத்தக் கத்துக்கல, இவங்களக் கத்துக்கிட்டிருக்கு. எல்லாத்தையும் மறுபடி பதிவு பண்ணணும்."

மறுபடி பதிவு செய்தால் ஏன் என்று மேலிடம் கேட்கும். மேற்பார்வையாளரின் குட்டு உடையும். அதைவிட ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவளோடு நானும் போனேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதானே சார் கோபமா வாசிச்சேன்?"

"பாருங்க, இப்பவும் கோபமாத்தான் பேசுறீங்க" என்றார், வாய்கூசாமல்.

"சரி, நான் போறேன். என் குரல அதுலேர்ந்து எடுத்துடுங்க."

"அது கம்பெனி சொத்தும்மா."

எனக்கு அந்த மனிதரை அறையலாம் போலிருந்தது. வெண்கலம் கத்துவாள் என்று பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப, இனிமே இங்க எவளாவது சத்தமாப் பேசுனா, அவ சீட்டக் கிழிக்கப் போறது என் குரல்தானா?"

அவர் காவலாளியை அழைக்க மணியை அழுத்தினார்.

அவள் நாற்காலிக்கு வந்த புதுப்பெண்ணுக்கும் கொஞ்சம் உரத்த குரல். முதல் அழைப்பிலேயே திரை சிவந்தது. "நான் என்னக்கா தப்பாப் பேசினேன்?" என்று என்னிடம் கேட்டாள்.