ரேடியோவுக்குப் பூசிய திருநீறு

பிரைமரி மூன்றோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அதனால் நான் மாடி ஏறுகிறவன் ஆனேன். லிட்டில் இந்தியா மொட்டைமாடிகளில் கைத்தொலைபேசி ஆண்டெனாக்களைப் பராமரிக்கும் வேலை. கூட்டாளியைப் பாய் என்று கூப்பிடுவேன். கை வேலை எனக்கு, எழுத்து வேலை அவருக்கு. வேலைத்தாளில் எப்போதும் அவர் கையெழுத்துதான்.

முன்பெல்லாம் ஒவ்வொரு மாடியிலும் ஆள் உயரப் பெட்டி நிற்கும். ஆண்டெனாவுக்கு மூளையே அதுதான். அந்த மூளைகளையெல்லாம் கழற்றிவிட்டு, பூன் லே பக்கம் ஒரே கட்டடத்தில் கணினிகளுக்குள் வைத்துவிட்டார்கள். மாடியில் மிஞ்சியது ஆண்டெனா, அதற்குச் சிக்னல் கொடுக்கும் சின்ன ரேடியோ, அங்கிருந்து பூன் லே வரை ஓடும் கண்ணாடி இழை. பெட்டி போனபின் மிச்சத்தைத் துடைக்க இரண்டு பேர் எதற்கு? ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம், மாதக் கடைசியில் சொல்கிறோம் என்றது கம்பெனி.

அந்த வாரம் ஆயுத பூஜை. வருடாவருடம் பெட்டிக்குத் திருநீறு பூசுவேன். பாய் நிழலில் நின்று சிரிப்பார். சிராங்கூன் ரோட்டு மாடியில் புது ரேடியோவுக்கும் மூன்று கோடு இழுத்தேன். அதே விரலால் இழையின் மூடியைக் கழற்றி, இழையை ரேடியோவில் சொருகினேன். அதன் முனையில் ஒரு துகள் பட்டாலும் வெளிச்சம் தடைபடும். தெரியும். தெரிந்தும் செய்ய ஒரு தனி மூளை வேண்டும், அது என்னிடம் இருந்தது.

மறுநாள் தீபாவளிக் கடைக் கூட்டத்தில் அந்த மூலைக்கே சிக்னல் இல்லை.

ஆபீசில் இன்ஜினியர் பெண் எங்களைக் கூப்பிட்டு, வேலைத்தாளைப் புரட்டிப் பாயைப் பார்த்தாள். "ஃபைபர் முனையில ஏதோ பவுடர் அங்கிள். சைன் உங்களுதுதானே?"

"ஆமாம்மா, நான்தான் சொருகினேன்," என்றார் பாய்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன பாய், நீங்க எப்ப திருநீறு பூச ஆரம்பிச்சீங்க? இருங்க, உள்ள போய் சொல்லிடறேன்."

"சும்மா இரு லா. எனக்கு நாலு எழுத்து தெரியும், செக்யூரிட்டியா போயிடுவேன். உன்னை எவன் எடுப்பான்? ஃபார்ம் நீட்டினாலே ஓடிடுவ."

சிரித்துவிட்டேன். கதவு மூன்றடி பின்னால்தான் இருந்தது. நான் திரும்பவில்லை.

இப்போது பாய் பாசிர் ரிஸ்ஸில் காவலாளி. நான் மாடியில் விரலை இரண்டு தடவை துடைக்கிறேன். வேலை முடிந்ததும் தாளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். போனில் அவர் குரல் வந்துவிடும்.

"மூணாவது கட்டத்துல டிக் போடு. கீழ சைன். உன் சைன் லா, என்னுது இல்ல."