நெத்திலி பொதிந்த தாள்கள்

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது இது. எங்களுக்கு ஊர் கோட்டுச்சேரிமேடு. படகெல்லாம் கரையில் கிடக்கும் அந்த நாட்களில், நான் தலத்தெரு பக்கம் வீடு வீடாகப் போய்க் கருவாடு விற்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். வாய் மட்டும் மேல்படிப்பு படித்திருக்கிறது.

அதற்குக் கொஞ்ச மாதம் முன்னால் என் மருமகளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. அதன்பின் அவள் யாரோடும் பேசவில்லை. சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. ஆஸ்பத்திரி நர்சம்மா ஒரு வழி சொல்லி அனுப்பினார். தினமும் ஒரு தாளில் கோடு, வளையம், மீன் செதில் என்று ஏதாவது ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட வேண்டுமாம். தப்பானாலும் அழிக்கக் கூடாதாம். மனசு மெல்ல அடங்குமாம். அவளும் மூச்சு விடுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து போட ஆரம்பித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள்தான். என்னை யார் உட்கார வைத்து வளையம் போடச் சொன்னார்கள்? தீட்டு கழிந்ததும் கூடையைத் தூக்கி என் தலையில்தான் வைத்தார்கள்.

"ஏம்மா, வளையத்தக் கரைச்சு ஊத்துனா கொழம்பாயிடுமா?" என்று தினமும் குத்துவேன். அவள் நிமிரவே மாட்டாள். அது இன்னும் எரிச்சல்.

ஒருநாள் கருவாடு பொதிய பழைய பேப்பர் தீர்ந்துவிட்டது. அரிசி டின் மேல் அவள் அடுக்கி வைத்திருந்த தாள்கள் கண்ணில் பட்டன. கிறுக்கல்தானே என்று மொத்தத்தையும் கூடையில் போட்டுக்கொண்டேன். தெரிந்தேதான் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

வியாபாரம் முடிந்து வந்தால், அவள் டப்பாக்களை உருட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.

"தலத்தெருவுல பாதி வீட்டுல இப்ப ஒன் படந்தான்" என்று சிரித்தேன்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்று கத்தினாள். "ஒவ்வொரு தாளும் ஒரு நாளு அத்தை! அன்னைக்கு ஒரு நாளு செத்துப்போவாம ஓட்டுனேன்னு எனக்கு அதுதான் சாட்சி. அதுல போயி நெத்திலியப் பொதிஞ்சுட்டீங்களே!"

மாதக்கணக்கில் கேட்காத குரல். வாசலில் வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த என் மகன் எழுந்து நின்றுவிட்டான்.

விடிந்ததும் அதே வீடுகளுக்கு ஓடினேன். பெரும்பாலும் குப்பைக்குப் போயிருந்தது. ஒரு வீட்டம்மா மட்டும் ஒரு தாளைத் துடைத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தார்.

"அழகா இருக்குங்க, நானே வச்சுக்குறேனே."

"அழகு பாக்கவா போட்டா எம் மருமவ? பிச்சு எடுங்கம்மா மொதல்ல!"

தெருவே திரும்பிப் பார்த்தது. நேற்றுவரை கிறுக்கல் என்றவளுக்கு வந்த ரோஷத்தைப் பாருங்கள்.

ஏழு தாள்தான் கிடைத்தது. உப்பும் நெத்திலி வாடையுமாக அவள் முன்னே வைத்தேன். ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"மிச்சம்?" என்றாள்.

காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

இப்போது அவள் சாப்பிடுகிறாள், பேசுகிறாள், என்னோடு சண்டையும் போடுகிறாள். படமும் தினம் போடுகிறாள். போட்டதும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். "மறந்துடும்மா" என்கிறான் மகன். எதற்கு மறக்க வேண்டும்? அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. துக்கத்தை இப்படித்தான் தாண்ட வேண்டும் என்று இன்னொருத்திக்குச் சொல்ல என் வாய் திறக்கும்போது, அதை மூட வைப்பது அந்தக் கோபம்தான்.