புளி போட்டுத் தேய்த்த குடம்

தண்ணீர் சோதிக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடப்பது என் உத்தியோகம். அதில் எனக்கு முதல் கெடுதல் செய்தவர் சுகாதார இன்ஸ்பெக்டர் தணிகாசலம். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மேலதிகாரிக்குப் பின்னால் சுமை தூக்கி நடந்தவர்களுக்கு மீதியை நான் சொல்லாமலே பாதி புரிந்துவிடும்.

ஐம்பதுகளில் செங்கல்பட்டு ஆபீசில் நான் பியூன். படிப்பு மூன்றாம் வகுப்பு. பி.எச். என்பது தண்ணீரில் புளிப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று சொல்லும் கணக்கு என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து நாலு சொட்டு விட வேண்டும். மஞ்சளானால் புளிப்பு, நீலமானால் காரம், பச்சையானால் இரண்டும் இல்லாத நடுத்தரம். குழாயை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். இதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலத் தண்ணீர்

மகாபலிபுரத்தில் காதர் பாய் டீக்கடை. வாசலிலேயே வைத்து அவர் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தோம். கடலோரத்துக் கிணறு, சொட்டு விட்டதும் நீலமாகிவிட்டது. கொஞ்சம் காரம்தான், பருப்பு வேக நேரமாகும், குடிக்கலாம், ஆளை ஒன்றும் செய்யாது என்றார் இன்ஸ்பெக்டர். அதை யார் கேட்டார்கள்? பெஞ்சியில் இருந்தவர்கள் நீலத்தைப் பார்த்ததும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பெட்டியைக் கட்டிக்கொண்டு நான்தான் மாட்டிக்கொண்டேன். காதர் பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கலரைக் காட்டிட்டு நீ பாட்டுக்கு போற அண்ணாத்த, பயம் மட்டும் இங்கியே குந்திகினு கீதே, அத்த யாரு எழுப்புறது?"

பகல் பஸ்

அடுத்த மாதம் என் மாமியார் ஊர். திருக்கழுக்குன்றம் போகிற வழியில் உள்ளடங்கிய கிராமம். என் மனைவி ராணிக்கு ஏழாம் மாதம் வளையல் அடுக்கி அங்கேதான் கொண்டுபோய் விட்டிருந்தோம். இன்ஸ்பெக்டருக்குப் பகல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கிணறோ ஆழம். நான் கயிற்றை எடுக்கும்போதே, படியோரம் நின்ற கன்னியம்மாவின் செப்புக்குடத்தைக் காட்டி, "அதுல இருக்கிறதைப் பிடி" என்றார். கன்னியம்மா என் மாமியாருக்குப் பக்கத்து வீடு. அப்போதுதான் குடத்தை உள்ளும் புறமும் புளி போட்டுத் தேய்த்து, ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டிருந்தாள்.

"சார், அது புளி அலசின தண்ணி. கிணத்துலேர்ந்தே சேந்துறேன்" என்றேன். "எல்லாம் ஒரே தண்ணிதான்யா, பிடி" என்றார். பிடித்தேன். அங்கேயே கொட்டிவிட்டு வேறு பிடித்திருக்கலாம். பிடித்துவிட்டேன். எலுமிச்சம்பழம் போல மஞ்சள்.

புளித்த தண்ணீர் செம்பை அரிக்கும், அந்தச் செம்பு வயிற்றுக்குள் போனால் குமட்டலும் வலியும் வரும் என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். சொன்னது சரிதான், சோதித்த தண்ணீர்தான் தப்பு. கிணற்றுச் சுவரில் சிவப்பு மையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட வைத்தார். ஊர்க் குளத்துத் தண்ணீர் பச்சை காட்டியது. இனி அதைக் குடியுங்கள் என்றார். கன்னியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இத்தினி வருசமா இதத்தான குடிச்சுகினு கீறோம், இன்னிக்கி நீ வந்ததும் புளிச்சிப் போச்சா?"

பச்சை என்றால்

ஆறாம் நாள் ஆள் வந்து சொன்னான், ஊரில் வாந்தி பேதி என்று. நான் போய்ச் சேரும்போது ராணி பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. வண்டி கட்டி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டே வந்தாள். "அசையலீங்க" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "அசையலீங்க." நான் மாட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று டாக்டர் கேட்டார். "நல்ல தண்ணிதான் டாக்டர். பச்சை காட்டுச்சு. நானே சொட்டு விட்டேன்" என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "பச்சைன்னா புளிப்பும் இல்ல, காரமும் இல்ல, அவ்வளவுதான், கிருமி இல்லேன்னு உனக்கு எவன்யா சொன்னது?"

மூன்று தடவை அலசி

மூன்றாம் நாள் விடிகாலையில் வயிற்றில் பிள்ளை உதைத்தது. அதன் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக ஊருக்குப் போனேன். கிணற்றில் நானே சேந்தி, குழாயை மூன்று தடவை அலசிப் பிடித்தேன். பச்சை. இன்னொரு தடவை. பச்சை.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். பியூன் குழாயைச் சரியாகக் கழுவாததால் முதல் சோதனை தவறியது என்று ரிப்போர்ட் எழுதினார். என் கண் முன்னாலேயே எழுதினார். "மனசுல வச்சுக்காதே. ஊருக்கு நானே வந்து, நடந்ததைச் சொல்லி, எல்லார் முன்னாடியும் அந்தக் கிணத்துத் தண்ணிய ஒரு டம்ளர் குடிச்சிக் காட்டுறேன்" என்றார். அடுத்த மாதம் மாற்றலாகிப் போய்விட்டார்.

சிவப்பு மையை நானே சுரண்டினேன். ஊரைக் கூட்டிவைத்து நானே ஒரு சொம்பு குடித்தேன். குளத்துத் தண்ணீர் வேண்டாம், வேண்டுமென்றால் கொதிக்க வைத்தாவது குடியுங்கள் என்று கெஞ்சினேன். விறகுக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். கன்னியம்மா குடத்தோடு குளத்துப் பக்கம் திரும்பி நடந்தாள். அவளுடைய சின்ன மகன் வயிற்றுப்போக்கில் எலும்பும் தோலுமாகி அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தான். நடந்துகொண்டே சொன்னாள்: "ஊத்தி ஊத்தி நீ குடிச்சா ஆச்சா மாப்ளே? வேணாம்னு சொன்ன வாய் வந்து குடிக்கட்டும், அப்பால பாக்கலாம்."

சுரண்டியும் சுவரில் மிஞ்சிய சிவப்பு மழையில் கரைந்துவிட்டது, என் மகளுக்கும் கல்யாணமாகிவிட்டது, தணிகாசலம் குடிக்க வேண்டிய அந்த ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் இன்னும் கிணற்றுக்குள்ளேயே கிடக்கிறது.