இன்ஜினுக்குப் பின்னால் ஒரு மூடி

"சத்தம் போடாதீங்க, கை கேட்டுக்கிட்டு இருக்கு" என்கிறார் நண்டு. இன்ஜின் மேல் பழைய சாக்கை விரித்து, வயிறு அழுந்தக் குப்புறப் படுத்திருக்கிறார். இடது கை மட்கார்டைப் பற்றியிருக்க, வலது கை தோள்வரை உள்ளே போய்விட்டது. முகம் நம் பக்கம்தான், ஆனால் கண் எதையும் பார்க்கவில்லை. இப்படிப் பரப்பிக்கொண்டு கிடப்பதால்தான் பட்டறையில் அவருக்கு அந்தப் பெயர். வண்டி கொண்டுவருகிற எங்களுக்கு நண்டண்ணன். கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதில்லை.

வயது ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கைக்குக் கீழே சூட்டுத் தழும்போ கீறலோ இல்லாத இடம் கிடையாது. வேலை நடக்கும்போது ரேடியோ கூடாது. ஒரு போல்ட் கை நழுவி விழுந்தால், அது கிடைக்கும்வரை டீகூடக் குடிக்கமாட்டார். இன்ஜினை, தான் பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டுவார்: "குடிச்சது போதும்டா, வாயைத் திற."

போன மாதம் அப்படித் திட்டு வாங்கியது ஒரு டீசல் கார். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்து, பின்னால் நீலமாகப் புகைந்தது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்ற உள்ளங்கை அகலத்தில் ஒரு மூடி உண்டு. அதற்குள் ரப்பர் சவ்வு. அது கிழிந்தால் ஆவியோடு ஆயிலையும் இன்ஜினே உறிஞ்சி எரித்துவிடும். மூடி சின்னதுதான், இருக்கிற இடம்தான் வில்லங்கம். இன்ஜினுக்குப் பின்புறம், ஆள் உட்காரும் பகுதியைப் பிரிக்கும் தகட்டை ஒட்டி ஒளிந்திருக்கிறது. வைப்பரையும் காற்றுக்குழாயையும் கழற்றினால்தான் கையே நுழையும். மூன்று போல்ட். இரண்டை முகக்கண்ணாடி பிடித்துப் பார்க்கலாம். மூன்றாவதைப் பார்த்தவர் யாருமில்லை, விரலுக்குத்தான் தெரியும்.

கார் ஒரு அம்மாவுடையது. கொண்டுவந்தவர் அவருடைய டிரைவர். போன வருஷம்வரை டிரைவரிடமே இதே மாடலில் சொந்தக் கார் இருந்தது, வாடகைக்கு ஓட்டினார். அதுவும் இப்படியே புகைந்து இதே பட்டறைக்குத்தான் வந்தது.

அன்றைக்கும் நான் இருந்தேன், என் வண்டியின் பிரேக்குக்காக. நண்டு புகையை ஒருமுறை முகர்ந்துவிட்டு, "பின்னாடி மூடியா இருக்கும் மச்சான், முதல்ல அதைப் பாத்துடலாம்" என்றார். பட்டறைக்காரர் நண்டின் மனைவிக்கு அண்ணன். டிரைவர் காதில் விழாத தூரத்துக்கு நண்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அங்கே நான் நின்றதை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

"அரை நாள் வேலைக்கா கடை திறந்து வச்சிருக்கேன்? இன்ஜினை இறக்கு மாப்ளே. மாடியில குடும்பத்தோட இருக்கியே, அது யார் வீடு?"

நண்டு மாடியைப் பார்த்தார். கொடியில் அவர் வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது. பிறகு இன்ஜினை இறக்கினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

பதினொரு நாள் வேலை. பிஸ்டன் ரிங் எல்லாம் புதிது, மூடி மட்டும் பழையது. ஒரே மாதத்தில் மறுபடி புகை. டிரைவர் வெறுத்துப்போய்க் காரை உடைக்கிறவர்களிடம் தள்ளிவிட்டு, அடுத்தவர் வண்டிக்குப் போனார். "நம்ம ராசி அப்படிண்ணே" என்று அவர் சொல்லிக்கொண்டு நின்றபோது, நண்டு ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அதையே துடைத்தார்.

இந்த முறை, அந்த அம்மாவின் கார் வந்தபோது, மச்சான் வெளியூர் போயிருந்தார். நண்டு யாரையும் கேட்கவில்லை. மதியத்துக்குள் புது மூடியை மாட்டிவிட்டு, கழற்றியதைத் துணியில் சுற்றி, டிரைவர் பார்க்குமுன் மேசைக்கடியில் தள்ளினார்.

மூன்று வாரம் கழித்து, நான் அங்கே இருந்தபோது டிரைவர் வந்தார். பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். மேல்கோட்டிலேயே நின்றது.

"ஒரு சொட்டு குறையலண்ணே! அப்படி என்னதான் மாத்தினீங்க?"

பட்டறைக்காரர் உள்ளேதான் இருந்தார். நண்டு குனிந்து துணியை எடுத்துப் பிரித்தார். டிரைவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அப்போ என் வண்டிக்கு?"

"ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரிப்பா, போட்டுக் குழப்பிக்காதே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நண்டு திரும்பிப் பார்க்கவில்லை. "உன் வண்டிக்கும் இதேதான். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருந்துமா பிரிச்சீங்க?"

"தெரிஞ்சுதான்."

டிரைவர் கை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கியிருந்தால் நண்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். டிரைவரோ மூடியை மேசைமேல் வைத்துவிட்டு, "அம்மாவை நாலு மணிக்குக் கூட்டிட்டு வரணும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

நண்டு அவருக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்து போனார். காரின் முன்கதவைத் திறந்து, ஒதுங்கி, டிரைவர் ஏறி உட்காரும்வரை தலை குனிந்து பிடித்துக்கொண்டு நின்றார்.